பாய்லர்காரன் கட்டிய அடுப்பு

பிரபு, இந்தக் கடிதத்தைக் கடையில் வைத்துப் பிரிக்காதே. மலைக்குப் போகிறவர்களின் கூட்டம் குறைந்த பிறகு, எங்கேயாவது தனியாக உட்கார்ந்து படி. அமுதா கேட்டால் நைனா ஏதோ எழுதியிருக்கிறார் என்று மட்டும் சொல். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நீ யோசிப்பாய். முப்பது வருடம் தோல் பதனிடும் டேனரியில் பாய்லர் பக்கத்தில் நின்றவனுக்கு மெதுவாகப் பேச வராது என்பது உனக்கே தெரியும். நான் போனில் சாப்பிட்டாயா என்று கேட்டால், உன் கடையில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் சாப்பிட்டாச்சு என்று பதில் சொல்வார்கள். இது அப்படி ஊரே கேட்க வேண்டிய விஷயம் இல்லை. உன் அம்மா எதிரில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே, "இன்னா, பரீட்சையா எழுதுறீங்க?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டாள். பரீட்சைதான். இந்த வயதில் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

விஷயம் உன் கடை அடுப்பு. கல்யாணமான மூன்றாவது மாதம் நீ ஆம்பூர் ஷூ கம்பெனி வேலையை விட்டுவிட்டு, சோளிங்கர் மலையடிவாரத்தில் அமுதாவின் அப்பா நடத்திவந்த டிபன் கடையை எடுத்து நடத்தப் போகிறோம் என்று வந்து சொன்னபோது நான் ஒன்றுமே சொல்லவில்லை. அதைச் சம்மதம் என்று நீ எடுத்துக்கொண்டாய். உன் அம்மா கோபம் என்று எடுத்துக்கொண்டாள். இரண்டும் இல்லை. சாப்பிட உட்காரும்போது எதிரில் இனி இரண்டு தட்டு குறையுமே என்றுதான் நினைத்தேன். அதைச் சொல்ல வாய் வரவில்லை. அதனால், "அடுப்ப நான் கட்டித் தர்றேன்" என்றேன். டேனரியில் பழைய பாய்லரைப் பிரித்தபோது கழித்துப் போட்ட சூளைக்கற்களைக் கேட்டு வாங்கி, மூட்டை கட்டி, டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்தேன். இரண்டு நாள் உட்கார்ந்து கட்டினேன். விறகு எரிய இரும்புச் சட்டம், அதற்குக் கீழே சாம்பல் விழ ஒரு குழி, அந்தக் குழிக்கு முன்பக்கம் ஒரு வாய், பின்பக்கம் கூரையைத் தாண்டி ஆள் உயரத்துக்கு மேலே போகிற புகைக்குழாய். பாய்லரைக் குட்டியாக்கி உன் சமையற்கட்டில் உட்கார வைத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

அமுதா அப்போது மண்ணும் உமியும் குழைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். புகைக்குழாயைத் தூக்கி நிறுத்தும்போது அண்ணாந்து பார்த்துவிட்டு, "மாமா, கொழாய் இவ்ளோ ஒசரம் வேணுமா? தீய இழுத்துடாது?" என்று கேட்டாள். பிறந்ததிலிருந்து விறகடுப்புக் கடையில் வளர்ந்த பெண் கேட்கிறாளே என்று நான் ஒரு நிமிடம் நின்றிருக்க வேண்டும். "நீ சும்மா இரும்மா, இது டிராஃப்ட், காத்த இழுக்கணும், பாய்லர் சமாச்சாரம்" என்றேன். அவளும் சும்மா இருந்துவிட்டாள். முதல் நாள் பற்றவைத்தபோது ஒரு இழை புகை இல்லை. அவள் அப்பா இத்தனை வருடத்தில் கண்ணைத் துடைக்காமல் அடுப்படியில் நின்றது இன்றைக்குத்தான் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆம்பூருக்குத் திரும்பி டீக்கடையில் ஒரு வாரம் அந்த அடுப்பைப் பற்றியே பேசினேன்.

ஒரு மாதத்தில் நீ போன் செய்தாய். "நைனா, விறகு நிக்கவே மாட்டேங்குது. ரெண்டாவது ஈடு இட்லி எறக்கறதுக்குள்ள அடுக்குன கட்டையெல்லாம் சாம்பலாய்டுது. பொங்கல் அடி புடிக்குது, சாம்பார் பொங்கி வழியுது. நேத்து ஒரு குடும்பம் பொங்கல மோந்து பார்த்துட்டு எலையை மூடிட்டுப் போய்ட்டாங்க." நான் அடுத்த நாளே ரயில் ஏறினேன். வந்து பார்த்தேன். தீ திமுதிமுவென்று எரிந்து, பானையின் அடியைத் தொட்டும் தொடாமலும் நேராகக் குழாய்க்குள் ஓடிக்கொண்டிருந்தது. பாய்லரில் அப்படி எரிந்தால் நல்ல தீ என்போம். அதனால் அடுப்பில் குற்றம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வேலிக்காத்தான் மிலாறுகளைப் பார்த்தேன். "குச்சி குச்சியா போட்டா மடமடன்னு எரியாம இன்னா பண்ணும்? புளியங்கட்டை வாங்கிப் போடு" என்று சொல்லிவிட்டு, தோசை சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன்.

புளியங்கட்டையும் நிற்கவில்லை. இரண்டாம் முறை வந்தபோது நடந்ததைத்தான் நான் எழுதிக் காட்ட வேண்டியிருக்கிறது, உனக்கு நினைவில் இருந்தாலும். காலை ஒன்பது மணி. சனிக்கிழமை. எல்லா மேசையிலும் ஆட்கள். அமுதா அடுப்புக்குள் ஒரு கட்டையைத் தள்ளியதைப் பார்த்தேன். பாய்லர் ரூமில் கத்துகிற குரலிலேயே கத்தினேன். "இது இன்னா பாய்லராம்மா, அள்ளி அள்ளிப் போடறதுக்கு? கை அளவு தெரியாதா? ஊட்டுல யாரும் சொல்லித் தரலியா?" சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். அவள் முகம் செத்துவிட்டது. "சரிங்க மாமா" என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் போய்ப் பாத்திரம் கழுவ உட்கார்ந்தாள். நீ கல்லாவில் நின்றபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். பாய்லர் மாதிரி கட்டிக் கொடுத்துவிட்டு இது பாய்லரா என்று கேட்டவன் நான்தான். அந்த வேடிக்கை எனக்கு உறைப்பதற்கு இத்தனை மாதமாகிவிட்டது.

அதற்குப் பிறகு உன் புகார் நின்றது. கடையில் கூட்டம் கூடிவிட்டது, பொங்கல் நன்றாக இருக்கிறது என்று கோயிலுக்குப் போய்வந்தவர்கள் சொன்னார்கள். பார்த்தாயா, ஒரு அதட்டு போட்டதும் சரியாகிவிட்டது என்று நான் மீசையை முறுக்கிக்கொண்டேன். ஆனால் நான் வருகிற நாளில் மட்டும் அடுப்பு பழையபடி திமுதிமுவென்று எரியும். ஆம்பூரில் ரயில் ஏறியதும் உனக்குப் போன் செய்வேன், மூன்று மணி நேரத்தில் வந்து நிற்பேன், அடுப்பு என் கண் முன்னாலேயே கட்டையை விழுங்கிக்கொண்டிருக்கும். மாமனாரைப் பார்த்ததும் பெண்ணுக்குப் படபடப்பு, அதனால்தான் கூடக் கூடப் போடுகிறாள் என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்தேன். சாம்பல் குழியைத் தினமும் துடைத்து வைக்கச் சொல்லி ஒரு புத்திமதி வேறு. குழி எவ்வளவு சுத்தமோ அவ்வளவு காற்று ஏறும், அவ்வளவு வேகமாக விறகு தீரும். பாய்லருக்கு நல்லது, பொங்கல் பானைக்கு ஆகாது. அதற்கும் அவள், "சரிங்க மாமா."

போன வாரம் ரஹீம் பாயின் அக்கா பேத்திக்கு அரக்கோணத்தில் நிக்காஹ். ரஹீம் பாய் எனக்கு முன்பே அந்த டேனரியில் பாய்லர் ஆபரேட்டராக இருந்தவர், நான் அவருக்குக் கீழே விறகு போடுகிறவன். ரிட்டயர் ஆன பிறகும் அவர் கூப்பிட்டால் எனக்குக் கால் தானாக எழுந்துவிடும். முந்தின நாளே போய், விருந்து சாப்பிட்டு, மறுநாள் காலை ரயிலில் திரும்பிக்கொண்டிருந்தோம். பேச்சு எங்கே தொடங்கினாலும் நான் அடுப்பில் கொண்டுவந்து நிறுத்துகிறேன் என்று உன் அம்மா சொல்வது சரிதான். மருமகள் விறகைக் கண்டபடி போடுகிறாள் என்று அவரிடமும் ஆரம்பித்தேன். அவர் ஜன்னலோரம் பல் குத்திக்கொண்டே கேட்டார். கட்டின விதத்தை எல்லாம் சொல்லி முடித்ததும், "சட்டம் வெச்ச, குழி வெச்ச, கொழா வெச்ச. டேம்பர் எங்க வெச்ச?" என்றார்.

நான் அப்படி ஒன்றை வைக்கவே இல்லை. உனக்குத் தெரிந்திருக்காது, சொல்கிறேன். பாய்லர் புகைக்குழாயின் கழுத்தில் ஒரு இரும்புத் தகடு இருக்கும். அதைத் திறந்தால் தீ பறக்கும், பாதி மூடினால் தீ அடங்கி நின்று எரியும். அதன் பெயர்தான் டேம்பர். அதன் சங்கிலி ரஹீம் பாய் நாற்காலிக்குப் பக்கத்தில் தொங்கும். முப்பது வருடத்தில் நான் அதைத் தொட்டதே இல்லை, அது ஆபரேட்டர் வேலை. நான் முன்பக்கம் நின்று கட்டையைத் தள்ளிவிட்டு, தீ சொன்னபடி கேட்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் பின்பக்கம் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே சங்கிலியை இழுப்பதும் விடுவதுமாக இருந்திருக்கிறார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் நான் சாம்பல் கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு, விறகு தீர்ந்துபோனதற்கு லாரிக்காரன் மேல் பழி போட்டுக் கத்தினேன். சூப்பர்வைசர் வந்தபோது கதவு மூடியிருந்தது. யார் மூடியது என்று இன்றுவரை நான் யோசித்ததில்லை. அந்த ரயிலில்தான் கேட்டேன். "வேற யாரு மூடுவா? நீ சின்னப் பையன், ஜாஸ்தி சத்தம் போடுவ, கம்மியா பாப்ப. உடு தோஸ்த், போய் அந்தப் பொண்ணுகிட்ட ஒரு தகடு வெக்கச் சொல்லு" என்று சிரித்தார். அதனால்தான் சோளிங்கர் ஸ்டேஷனில் திடுமென்று இறங்கினேன். போனை வீட்டிலேயே சார்ஜில் விட்டுவந்திருந்ததால் உனக்குச் சொல்ல வழியில்லை.

பஸ் இறங்கி நடந்ததில் காலெல்லாம் புழுதி. கழுவிக்கொண்டு உள்ளே போகலாம் என்று பின்பக்கச் சந்து வழியாகக் குழாயடிக்கு வந்தேன். சமையற்கட்டு ஜன்னல் திறந்திருந்தது. பார்த்தேன். சாம்பல் குழி வாயில் ஒரு செங்கல். கட்டைவிரல் நுழைகிற அளவு இடுக்கு விட்டு வைக்கப்பட்டிருந்தது. புகைக்குழாயின் மூட்டில் எண்ணெய் டின்னை வெட்டின தகடு ஒன்று பாதி செருகியிருந்தது, கை சுடாமல் இழுக்க அதன் நுனியில் துணி சுற்றியிருந்தது. சட்டத்தின் மேல் பாதி அளவுக்குச் சாம்பலை மெத்தையாக விட்டு, அதன் மேல் மூன்றே கட்டை. தீ பானையின் அடியில் பரவி, அவசரமே இல்லாமல் எரிந்துகொண்டிருந்தது. சாம்பார் தளதளவென்று கொதித்தது, ஒரு சொட்டு வழியவில்லை. அமுதா மணையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அடுப்பை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய தேவையே இல்லாமல் அது எரிந்தது. உள்ளதைச் சொல்கிறேன் பிரபு, எனக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை, பொறாமை.

நான் உள்ளே வர அடி எடுத்தபோதுதான் நீ கையில் போனோடு ஓடிவந்தாய். "அமுதா, அம்மா போன் பண்ணாங்க. நைனா அரக்கோணத்துலருந்து வர்றாராம், போன ஊட்டுலயே உட்டுட்டாராம். வர்ற வழில எறங்குனாலும் எறங்குவாருன்றாங்க." அவள் வெங்காயத்தைப் போட்டுவிட்டு எழுந்தாள். இடுக்கியால் செங்கல்லைப் பிடித்து இழுத்துச் சுவரோரம் வைத்து, மேலே கோணியைப் போட்டாள். தகட்டை உருவி அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்தாள். சட்டத்தின் மேலிருந்த சாம்பலைக் குச்சியால் தள்ளிவிட்டாள். கைப் பழக்கம் அது, எத்தனையோ முறை செய்த வேகம். அடுப்பு குப்பென்று கத்த ஆரம்பித்தது. நீ அலுத்துக்கொண்டாய். "எத்தன நாளைக்கு இந்தக் கூத்து? சொல்லிட்டா இன்னா?"

அவள் சாம்பாரை அவசரமாகக் கிளறிக்கொண்டே சொன்னாள். "ரெண்டு மணி நேரம் கட்ட ஜாஸ்தியா எரிஞ்சா இன்னா கெட்டுப்போச்சு? அந்தக் கல்லையெல்லாம் ஆம்பூர்லருந்து சொமந்துகினு வந்து கட்டுனாரு. நீ ஊர உட்டு வந்ததுக்கு ஒரு வார்த்த கோவமா பேசல. நமக்குன்னு ஒக்காந்து கட்டுன மனுசன் மொகம் சுண்டிப்போச்சுன்னா எனக்குச் சோறு எறங்காது."

நான் காலைக் கழுவவில்லை. வந்த சந்திலேயே திரும்பி, தெருமுனை வரை போய், அங்கே சைக்கிள் கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். கண்ணில் தண்ணீர் வந்தது. புகை இல்லாத அடுப்பு கட்டியவனுக்குக் கண்ணில் தண்ணீர். பிறகு இப்போதுதான் வருகிறவன் மாதிரி முன்பக்கமாக வந்தேன். "வாங்க மாமா" என்றாள். அடுப்பு என் முன்னால் இரைந்துகொண்டிருந்தது. அவள் முகத்தில் வழக்கமான அந்தத் தயார்நிலை, இப்போது ஏதாவது சொல்வார் என்று. நான் சொல்லியிருக்க வேண்டியது எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. பொங்கலை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டு, நல்லாருக்கும்மா என்று மட்டும் சொல்லிவிட்டு, மாலை ரயிலில் வந்துவிட்டேன். கொல்லையில் நின்று கேட்டவன் வாசலில் நின்று சொல்லப் பயந்துவிட்டான். இது நான் செய்த கடைசித் தப்பு, மற்றதை எல்லாம் விட இதுதான் உறுத்துகிறது.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். "அந்தப் பொண்ணு அடுப்புல செங்கல் வெச்சிருக்கா."

"தெரியும்" என்றாள்.

"எத்தன நாளா?"

"வெச்ச அன்னிக்கே போன் பண்ணாளே. மாமா கோச்சுப்பாரான்னு கேட்டா."

"நீ இன்னா சொன்ன?"

"அவரு வர்றப்ப எடுத்துடுன்னேன். இருவத்தெட்டு வருசமா நான் அப்படித்தான ஓட்டுறேன்" என்று சொல்லிவிட்டு எனக்குக் காபி எடுத்துக்கொண்டு வந்தாள். அவள் எந்தெந்தச் செங்கல்லை எனக்குத் தெரியாமல் வைத்து, நான் வரும்போது எடுத்துவிட்டாளோ, அதைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஆனால் அந்தக் காபி நன்றாக இருந்தது. என்னைச் சுற்றி இத்தனை பேர் என் முகம் சுண்டக் கூடாது என்று வேலை செய்திருக்கிறார்கள் என்றால், நான் நினைத்ததை விட நல்ல வாழ்க்கைதான் வாழ்ந்திருக்கிறேன். ஒரு வாரமாக அதை நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் சிரிப்பு என்னுடையது, அதற்கு ஆன செலவு அமுதாவுடையது. ஆட்கள் முன்னால் அவள் வாங்கிக்கொண்ட பேச்சை நான் எந்தத் தகட்டை வைத்து மூடுவது?

உனக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அப்பன் என்பதால் கேட்டுக்கொள். அந்தச் சனிக்கிழமை நீ தரையைப் பார்த்தது எனக்கு மரியாதை கொடுப்பதாக நினைத்து. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, பையன் எதிர்த்துப் பேசவில்லையே என்று. வேண்டாம் பிரபு. எனக்கு நீ தருகிற மரியாதைக்கு அவள் தலை குனிய வேண்டியிருந்தால் அந்த மரியாதை எனக்கு வேண்டாம். "நைனா, கொஞ்சம் பின்னால வாங்க" என்று என் கையைப் பிடித்து வெளியே அழைத்துப் போயிருந்தால், அன்றைக்குக் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் போயிருப்பேன். நாலு நாள் பேசாமல் இருந்திருப்பேன். ஐந்தாம் நாள் நானே போன் செய்திருப்பேன், என்னை உனக்குத் தெரியாதா? என் அப்பா உன் அம்மாவைப் பேசியபோது நானும் இப்படித்தான் தரையைப் பார்த்தேன். அந்தத் தரையில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

அடுப்புக்கு என்ன செய்யலாம் என்று நான் இப்போது சொல்லப் போவதில்லை. குழாயை மூன்று அடி வெட்ட வேண்டுமா, சாம்பல் குழிக்குச் சரியான கதவு போட வேண்டுமா, அதெல்லாம் அமுதா சொல்லட்டும். அவள் சொல்கிற அளவுக்குத் தகடு அடித்துக்கொண்டு வருகிறேன். எண்ணெய் டின் தகடு சூட்டில் சீக்கிரம் அரித்துவிடும், கொஞ்சம் கனமான இரும்பு நல்லது. பார், மறுபடியும் ஆரம்பித்துவிட்டேன். அதையும் அவளையே கேட்டுச் சொல்.

தனியாகப் படி என்று மேலே எழுதினேன். அதை அடித்துவிடலாம் என்று பார்த்தேன், உன் அம்மா அப்படியே இருக்கட்டும் என்கிறாள். இப்போது எழுந்து கடைக்குப் போ. அமுதாவை உட்காரச் சொல்லி, இதை முதல் வரியிலிருந்து சத்தமாகப் படித்துக் காட்டு. சாப்பிடுகிறவர்கள் கேட்டால் கேட்கட்டும், நானும் அவர்கள் முன்னால்தானே பேசினேன். "அமுதா, தப்பு அடுப்பு கட்டினவன் மேல்தான், மாமாவை மன்னிச்சிடும்மா" என்று எழுதியிருக்கிறேன் என்று சொல்லாதே, அந்த வரியை நான் எழுதிய மாதிரியே படி.

வருகிற சனிக்கிழமை நானும் உன் அம்மாவும் வருகிறோம். ரயில் ஏறியதும் வழக்கம்போலப் போன் செய்வேன். அமுதா மணையை விட்டு எழுந்திருக்க வேண்டாம் என்று சொல்.

நைனா